கால்வாய்க் கரையில் தோற்ற பழைய தலைமை: மாறும் காலமும் தலித் அரசியலும்

சென்னை மந்தைவெளியை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோரம் இருக்கிறது கோவிந்தசாமி நகர். உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கிருந்த வீடுகளை இடிக்கும் பணி 2022 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. மே 8 அன்று, இடிப்பை எதிர்த்து அப்பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்தார். மறுநாள் அவர் உயிரிழந்தார். அன்றே சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிதியுதவி அறிவித்தார். வெளியேற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்பட்டுவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்றும், மறுகுடியமர்வுக்கென விரிவான கொள்கை வகுக்கப்படும் என்றும் அவர் உறுதியளித்தார்.

அம்மக்கள் கேட்டதும் அதுதான். பெரும்பாக்கத்துக்கு அனுப்பாதீர்கள், நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு, எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அருகிலேயே வீடு கொடுங்கள் என்பதற்கு மேல் அவர்கள் வேறெதையும் கேட்கவில்லை. நடைமுறைப்படுத்த முடியாத கோரிக்கையாக அது இருந்திருந்தால், ஒரே நாளில் சட்டமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்காது. ஒரு மனிதரின் மரணத்துக்குப் பின் ஒரே நாளில் கிடைத்த உறுதிமொழி, அதற்கு முந்தைய பல்லாண்டுகளில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை அரசிடம் கேட்டாகிவிட்டது, இனியும் கேட்போம். அதே கேள்வியை நமது தலைமைகளிடமும் கேட்டுப்பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய பகுதிகளில் தலைவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் எந்தக் குடிசைப்பகுதிக்குச் சென்றாலும் தெருமுனையில் ஒரு கொடிக்கம்பம், ஒரு மன்றம், அம்பேத்கர் படம் போட்ட ஒரு பெயர்ப்பலகை, வட்டச் செயலாளர் ஒருவர், அவருக்குப் போட்டியாக இன்னொருவர் இருக்கின்றனர். இந்தத் தலைமை வெறும் அலங்காரமன்று. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மின் இணைப்பு, குடும்ப அட்டை ஆகிய எல்லாவற்றையும் மக்களுக்குப் பெற்றுத்தந்தது அதுவே. தீ விபத்து நடந்தால் இரவோடிரவாக அரிசி வந்து சேர்ந்ததும் அதன் வழியாகத்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட காலத்தின் விளைபொருள். அந்தக் காலம் முடிந்துபோனதை அது கவனிக்கவில்லை.

அந்தக் காலத்தின் தொடக்கத்தை 1970 என்று கொள்ளலாம். அவ்வாண்டில் குடிசை மாற்று வாரியம் உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்தது. ஒரு பகுதி அச்சட்டத்தின்கீழ் குடிசைப்பகுதியாக அறிவிக்கப்பட்டால், அங்குள்ளோரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. சென்னையில் அன்று 1,202 பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது கொள்கையாக இருந்தது. வாக்கு வங்கி அரசியல் என்று மேட்டுக்குடியினர் முகம் சுளித்தாலும், நகரத்தின் நடுவே உழைக்கும் மக்கள் வாழ்வதை ஓரளவேனும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. மனு, பரிந்துரை, வாக்கு ஆகிய மூன்றும் அந்த ஏற்பாட்டின் நாணயங்கள். வட்டச் செயலாளர் மனுவை எடுத்துச் செல்வார். சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைப்பார். தேர்தலில் கணக்குத் தீர்க்கப்படும்.

1985-இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அத்துடன் அறிவிப்பு நின்றுபோயிற்று. நகரமோ நிற்கவில்லை. அதற்குப் பிறகு தோன்றிய, அல்லது அதற்கு முன்பே இருந்தும் பட்டியலில் ஏறாத பகுதிகள் யாவும் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்புகள் ஆயின. அதே 1985-இல்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தமிழக அரசின் மாற்று ஏற்பாடுகள் மீது நம்பிக்கை தெரிவித்தே நீதிமன்றம் வழக்கை முடித்தது. சட்டத்தின் சொல் நம் பக்கம் சாய்ந்தது போலத் தோன்றிய அந்த ஆண்டிலேயே சட்டத்தின் பட்டியல் மூடப்பட்டது. இந்த முரணை அன்று கவனித்து, பட்டியலைத் திறக்கக் கோரும் இயக்கம் ஒன்றை எந்தத் தலித் கட்சியும் நகரின் முதன்மைப் போராட்டமாக நடத்தவில்லை.

அடுத்து இடங்கள் மாறின. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. சொற்களும் மாறின. குடிசைப்பகுதி என்ற சொல், 2015 வெள்ளத்துக்குப் பின் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று ஆயிற்று. வாரியத்தின் பெயர்கூட 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முடிவெடுக்கும் இடம் மாறியது. உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், நதிச் சீரமைப்புத் திட்டம், மெட்ரோ ரயில் நிறுவனம் ஆகிய எதன் வாசலிலும் வட்டச் செயலாளரின் பரிந்துரைக் கடிதத்துக்கு வேலையில்லை. மனு கொடுக்கப் போனால் சட்டமன்ற உறுப்பினரும் “கோர்ட் ஆர்டர்” என்று கைவிரிக்கலாம். அவர் சொல்வதில் உண்மையும் இருக்கும். வாக்காளர் அட்டையும் மின்கட்டண ரசீதும் பட்டா ஆகா என்பதை, புல்டோசர் வந்து நின்ற பிறகுதான் பல குடும்பங்கள் தெரிந்துகொள்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்து பாருங்கள். கால்வாயின் நடுவே வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள் யாருடையவை? அந்தத் தூண்கள் நீர்வழிக்குத் தடையென்று எந்தப் புல்டோசரும் வந்ததில்லை.

காலத்துக்கேற்ப மாறும் திறன் என்பது இன்று கல்லூரிகளில் நடக்கும் தலைமைப் பண்புப் பயிலரங்குகளின் விருப்பச் சொல்லாக இருக்கிறது. நெகிழ்வாக இரு, சூழலோடு இயைந்துபோ என்று முதல் தலைமுறைப் பட்டதாரிகளான நம் மாணவர்களுக்கும் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் இயைந்துபோகும் கடமை எப்போதும் கீழ்நோக்கியே விதிக்கப்படுகிறது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தப்படும் பெண், காலை ஆறு மணிக்கு மந்தைவெளியில் வீட்டு வேலைக்கு வந்து நிற்கவேண்டுமென்றால் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கிடுவதில்லை. அவள்தான் இயைந்துபோகவேண்டும். ஆகவே, மாறும் திறன் என்ற சொல்லை அப்படியே வாங்கி நம் தலைவர்களுக்குச் சூட்டுவதற்கு முன், எது மாற்றம், எது பணிதல் என்று பிரித்தறியும் அளவுகோல் நமக்குத் தேவைப்படுகிறது. அதை நம் வரலாற்றிலேயே தேடலாம்.

எம்.சி. ராஜாவை எடுத்துக்கொள்வோம். நீதிக்கட்சியின் உள்ளே இருந்து ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியவர். 1921-இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் நடந்த மோதல்களின்போது தலித் மக்களைக் கட்சித் தலைவர்கள் நடத்திய விதம் கண்டு கசந்து, 1923-இல் கட்சியைவிட்டு வெளியேறினார். தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்துவந்த அவரே 1932-இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவுடன் உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதிக்கு மாறினார். 1938-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவுக்கு இராஜாஜி அரசு துணைநிற்கவில்லை. காங்கிரசின் நல்லெண்ணத்தை நம்பிய அரசியலின் எல்லை அவருக்கு அப்போது தெரிந்தது. 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழுவின் முன் அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகச் சென்று நின்றார்கள். அடுத்த ஆண்டு ராஜா மறைந்தார்.

இருபது ஆண்டுகளில் இத்தனை மாற்றங்கள். இவரைத் துரோகி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. சிலவற்றில் துணிச்சலும் இருந்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1932 உடன்பாடு, அம்பேத்கர் பேரம் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவருடைய கையை வலுவிழக்கச் செய்தது. அதைவிட முக்கியமாக, ஒரு தலைவர் இன்னொரு தலைவரோடு செய்துகொண்ட ஏற்பாடாகவே அது நின்றது.

அதே ஆண்டின் பூனா ஒப்பந்தத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். அம்பேத்கரும் அங்கே மாறத்தான் செய்தார். காந்தியின் உண்ணாநோன்பு என்னும் நெருக்கடியின்கீழ் தனித் தொகுதியைக் கைவிட்டார். ஆனால் வெறுங்கையோடு கைவிடவில்லை. வகுப்புவாரித் தீர்ப்பு தந்ததைவிட ஏறத்தாழ இருமடங்காக, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களைப் பெற்றார். அத்தோடு நிற்காமல், அந்த ஒப்பந்தத்தில் எதை இழந்தோம் என்பதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார். 1945-இல் காங்கிரசையும் காந்தியையும் குறித்து அவர் எழுதிய நூல், வேறொரு கோணத்தில் பார்த்தால், தம் மக்களுக்கு ஒரு தலைவர் எழுதிக்கொடுத்த இழப்புக் கணக்கேடு. 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர் 1938-இல் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். 1942-இல் வைசிராய் அவையில் தொழிலாளர் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் தலைவராக அமர்ந்தவர் நம் சென்னையின் என். சிவராஜ். கட்சியும் மேடையும் பதவியும் மாறின. ஒவ்வொரு முறையும் ஏன் மாறினோம், எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம் என்று மக்கள் முன் பேசும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

நான் தேடிய அளவுகோல் இதுதான். மாறினாரா இல்லையா என்பது ஒரு தலைவரை மதிப்பிடப் போதாது. மாற்றத்தின் விலையை யாரிடம், எப்போது சொன்னார் என்பதைக் கேட்கவேண்டும்.

இந்த அளவுகோலை இன்றைக்குக் கொண்டுவருவது எளிதன்று, கசப்பும் கூட. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி தேர்தலைப் புறக்கணித்து வளர்ந்த இயக்கம். 1997-இல் மேலவளவில், தனித் தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவரையே வெட்டிக்கொன்ற மாநிலத்தில், வாக்குச்சீட்டின் மீது அவநம்பிக்கை கொள்ளக் காரணம் தேடவேண்டியதில்லை. 1999-இல் தொல். திருமாவளவன் ஜி.கே. மூப்பனாரோடு கூட்டணி வைத்துத் தேர்தல் களத்தில் இறங்கினார். அன்று இயக்கத்துக்குள் எழுந்த ஐயங்கள் சாதாரணமானவையல்ல. கால் நூற்றாண்டுக்குப் பின் பார்க்கையில், 2024 மக்களவைத் தேர்தலில் இரண்டு இடங்களில் வென்று மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தைப் பெற்ற அந்தப் பயணம், தமிழ்நாட்டுத் தலித் அரசியலின் மிக நீண்ட, மிகப் பலன் தந்த தகவமைப்பு என்பதை மறுக்க முடியாது. தேர்தல் களத்துக்கு வெளியே நின்றிருந்தால் இந்தக் குரல் நாடாளுமன்றத்தில் ஒலித்திருக்காது.

இந்தத் தகவமைப்புக்கு விலை இல்லையா? 2025 ஆகஸ்டில் அந்தக் கேள்வி ரிப்பன் மாளிகை வாசலில் வந்து நின்றது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் அங்கே அமர்ந்திருந்தனர். பெரும்பாலோர் தலித்துகள், அவர்களுள் பெண்கள் மிகப் பலர். மாதம் 23,000 ரூபாய் அளவில் பெற்றுவந்த ஊதியம் 16,000 அளவுக்குக் குறையும் என்பது அவர்களின் முறையீடு. நடைபாதையைக் காலிசெய்ய உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையடுத்து, 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அகற்றியது. உடன் நின்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். மாளிகையின் உள்ளே மேயர் நாற்காலியில் இருந்தவர், 2022-இல் அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் ஆர். பிரியா. 1945-இல் என். சிவராஜ் அமர்ந்த நாற்காலி அது. இட ஒதுக்கீட்டால் கிடைத்த அந்த வெற்றி மதிப்புமிக்கதே. ஆயினும் நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது ஒன்று, முடிவை யார் எடுக்கிறார் என்பது வேறொன்று என அந்தப் பதின்மூன்று நாள்கள் நமக்குக் காட்டின.

கைது நடந்த சில நாள்களில் திருமாவளவன் ஒரு கருத்தைச் சொன்னார். தூய்மைப் பணியில் நிரந்தரம் கேட்பது, அம்மக்களைத் தலைமுறை தலைமுறையாக அதே தொழிலில் நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். சமூக ஊடகங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு கோட்பாடாக அதில் பிழையில்லை என்றே கருதுகிறேன். பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலிலிருந்து விடுபடுவது அம்பேத்கரிய அரசியலின் உயிர்நாடி. ஆனால் அன்று ரிப்பன் மாளிகையின் முன் இருந்த கேள்வி, குப்பை அள்ளுவதா வேண்டாமா என்பதாக இருக்கவில்லை. அள்ளுவோருக்கு முதலாளி மாநகராட்சியா, ஒப்பந்த நிறுவனமா என்பதாக இருந்தது. ஒப்பந்த நிறுவனம் யாரையும் அத்தொழிலிலிருந்து விடுவிக்கப்போவதில்லை. குறைந்த கூலிக்கு அதே தொழிலில் வைத்திருக்கும். விடுதலை பற்றிய தொலைநோக்கு, கூட்டணி அரசுக்கு நெருக்கடி தந்த ஒரு போராட்டத்தின் நடுவே வந்து விழுந்தபோது, அது கேட்டவர் காதில் வேறு பொருளில் ஒலித்தது. கூட்டணியில் இருப்பதால் நாங்கள் இவ்வளவுதான் பேசமுடியும், இந்த இடத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், மக்கள் கோபித்திருப்பார்கள், ஆயினும் புரிந்துகொண்டிருப்பார்கள். விலையைக் கோட்பாட்டுக்குள் மறைத்துவைத்தால் கோட்பாடும் சேர்ந்து மதிப்பிழக்கிறது.

மந்தைவெளி வாசிகள் இன்னொன்றை நினைவில் கொள்ளலாம். அவர்கள் தெரு அடங்கிய தேனாம்பேட்டை மண்டலத்தில் குப்பை சேகரிப்பு, உர்பேசர் சுமீத் நிறுவனத்திடம் சில ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. அதற்கும் முன்னர் ஓனிக்ஸ், நீல் மெட்டல் ஃபனால்கா என்று தனியார்மயம் நகரின் பகுதிகளில் 2000 முதலே சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் தொழிலாளர் எதிர்ப்பு இருந்தது, நகரம் கவனித்ததில்லை. 2025-இல் கவனித்தது. காரணம், அம்முறை தலைமை வேறு விதமாகச் செயல்பட்டது. உழைப்போர் உரிமை இயக்கம் தெருவில் அமர்ந்த அதே வேளையில் தொழில் தீர்ப்பாயத்தையும் உயர்நீதிமன்றத்தையும் பயன்படுத்தியது. ஒலிவாங்கி ஒருவர் கையில் தங்கவில்லை. துடைப்பம் பிடித்த பெண்களே தம் ஊதியச் சீட்டை எண் பிசகாமல் விளக்கினார்கள். கைப்பேசிக் காணொளிகள் செய்தித் தொலைக்காட்சிகளை முந்தின. போராட்டம் தன் கோரிக்கையை வென்றது என்று சொல்ல முடியாது. ஆனால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அந்தத் தொழிலாளர்களிடம் கேட்டால் அவர்களால் சொல்லமுடியும். கோவிந்தசாமி நகரின் கதையில் இல்லாதுபோனது இதுவே. அங்கே வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கால்வாயின் எல்லையை அளந்தவர் யார், எந்த வீடு எல்லைக்குள் வருகிறது என்பவை புல்டோசர் வரும் முன்பே தெரு முழுதும் பேசப்பட்டிருக்கவேண்டியவை.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் புகவேண்டிய இடம் இது. அரசாணையைப் படித்துத் தெருவுக்கு விளக்கும் ஒருவர், இன்று பத்துப் பரிந்துரைக் கடிதங்களுக்குச் சமம். வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து, எத்தனை ஆண்டுகளாக யார் வசிக்கிறார், யார் எங்கே வேலை செய்கிறார், எந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது என்று நாமே ஆவணம் தயாரித்து வைத்தால், அதிகாரியின் பட்டியலை எதிர்த்துப் பேச ஒரு தாள் கையில் இருக்கும். மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவை அரசு 2021 அக்டோபரிலேயே கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. அலுவலக மொழியில் எழுதப்பட்ட அந்த வரைவை எத்தனை தெருக்களில் உரக்கப் படித்தோம்? 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் நகரங்களுக்கு வந்தன. கவுன்சிலரின் தேநீர்ச் சந்திப்பாக அவை சுருங்கிப்போவதற்கு, அங்கே நாம் போய் உட்காராததும் ஒரு காரணம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றத் தெரிந்த நம் இயக்கங்கள், பகுதி சபையில் தீர்மானம் கேட்டுப் பழகவில்லை.

இதைச் செய்ய மன்றத் தலைவர்கள் ஒதுங்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. எந்த வீட்டில் யார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மாணவருக்கும் தெரியாது. அந்த அறிவு இல்லாமல் கணக்கெடுப்பே நடக்காது. ஆனால் வழக்குக் கட்டை மன்றத்தின் பீரோவில் பூட்டி வைப்பதும், நல்ல செய்தி வந்தால் மட்டும் கூட்டம் போடுவதும், பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேச்சுக்கு அழைக்காமல் இருப்பதும் நிற்கவேண்டும். வெளியேற்றத்தின் முழுச் சுமையையும் தாங்கப்போவது அவர்கள்தான். பேருந்து நேரமும் வேலை நேரமும் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

மந்தைவெளியில் இப்போது மெட்ரோ சுரங்கப் பணி நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை செல்லும் பாதையில் அங்கே ஒரு நிலையம் வருகிறது. பேருந்துப் பணிமனை வணிக வளாகத்தோடு சேர்த்துப் புதிதாகக் கட்டப்படுகிறது. மந்தைகள் மேய்ந்த பொதுவெளியாக இருந்து பெயர் பெற்ற நிலத்தின் சதுர அடி விலை இனி எங்கே போகும் என்பதை ஊகிக்கப் பொருளியல் படிக்கவேண்டியதில்லை. கால்வாய்க் கரையில் இன்னும் குடியிருப்புகள் இருக்கின்றன. 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட சொற்கள் அவைக் குறிப்பில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் உறுப்பினரின் மேசைமேல் வைத்து, மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் இதுவரை எத்தனை வீடுகள் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்று எழுத்துமூலம் பதில் கேட்கலாம்.